நுரையீரல் தொற்றால் வரும் இதயப் பாதிப்புகள்

நிமோனியா, கடுமையான ஃப்ளூ, கோவிட், காசநோய் ஆகியவை முற்றும்போது இதயத்துக்கு நேரும் கேடுகள் இவை: மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, துடிப்பு தாறுமாறாதல், இதய உறையில் நீர் கோத்தல். ‘நெஞ்சுச் சளிதானே’ என்று நாள் கடத்தும் வீடுகளில் இவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

நுரையீரலில் சளியும் சீழும் நிறைந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வலது கீழறை திணறுகிறது. அழற்சி உடலெங்கும் பரவ, தமனியில் ஏற்கெனவே படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து அடைப்பு உண்டாகலாம். நிமோகாக்கஸ் கிருமி இதயத் தசைக்குள்ளேயே புகுந்து நுண்புண் உண்டாக்குவதும் விலங்காய்வுகளில் தெரியவந்துள்ளது. மருத்துவமனையில் சேரும் நிமோனியா நோயாளிகளின் இதயச் சிக்கல்களில் பாதிக்கு மேல் முதல் 24 மணி நேரத்திலேயே தலைகாட்டுகின்றன. ஃப்ளூ உறுதியான 7 நாள்களுக்குள் மாரடைப்பு அபாயம் 6 மடங்கு என்கிறது 2018இல் வெளியான கனடா ஆய்வு.

நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் வாழ்ந்த பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், தமக்குக் கோவிட், லேசான காய்ச்சலும் சளியும்தான் என்று தாமே வீடியோவில் சொல்லிவிட்டு, 2020 ஆகஸ்ட் 5 அன்று மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு வாரத்துக்குப் பின் நிலைமை மோசமாகி, வென்டிலேட்டரும் எக்மோவும் தேவைப்பட்டன. செப்டம்பர் 7 அன்று, கிருமி இல்லை என்று பரிசோதனை முடிவு வந்துவிட்டதாக மகன் சரண் அறிவித்தார். அப்பா ஐபேடில் கிரிக்கெட்டும் டென்னிசும் பார்க்கிறார் என்றும் சொன்னார். கிருமி போனது, அது விட்டுச்சென்ற சேதம் போகவில்லை. செப்டம்பர் 25 பிற்பகல் 1.04க்கு அவர் இறந்தார். இதயமும் மூச்சும் நின்றுபோனதாக மருத்துவமனை அறிவித்தது.

ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பித் தரும் கருவிதான் எக்மோ. 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதாவுக்கு இதயத்துடிப்பு நின்றபோதும் அதையே பொருத்தினார்கள். அந்தச் சொல் நம் வீடுகளுக்குள் வந்தது அப்போதுதான்.

காசநோய் அவசரப்படுவதில்லை. இதய உறை தடித்து இறுகவும், நுரையீரல் சிதைந்த பல ஆண்டுகளுக்குப் பின் வலப்பக்க இதயம் தளரவும் அது காரணமாகலாம். காசநோயை வீட்டிலிருந்தே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது, சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

தமிழகத்தில் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் அரசு மையங்களில் இலவசம். முதியவர்களும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் இதையும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியையும் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். காய்ச்சல் விட்டு வீடு திரும்பியவருக்குக் கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சளி மருந்தோடு நின்றுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டி ஈசிஜியும் எக்கோவும் தேவையா என்று கேளுங்கள்.