அரசுக் கூரையின் கீழ் ஒரு கலகம்

அறுபதுகளின் எதிர்க்கலாசாரத் திரைப்படம் என்றதும் நியூயார்க்கே பலருக்கும் நினைவுக்கு வரும். பம்பாயில் அது ஓர் அரசு நிறுவனத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. திரையரங்குகளில் படம் தொடங்குமுன் நாம் பொறுமையிழந்து பார்த்த செய்திப்படங்களைத் தயாரித்த பிலிம்ஸ் டிவிஷனுக்காக, 1968இல் பிரமோத் பதி இயக்கிய கறுப்பு வெள்ளைக் குறும்படம் 'எக்ஸ்ப்ளோரர்'. நீளம் ஏறத்தாழ 7 நிமிடங்கள்.

அதில் கதை இல்லை, விளக்கவுரையும் இல்லை. ஆடும் இளைஞர்கள், ஆய்வுக்கூடம், சமயச் சின்னங்கள் எனப் பிம்பங்கள் இமைப்பொழுதில் மோதி மறைகின்றன. புல்லாங்குழல் கலைஞர் விஜய் ராகவ் ராவின் ஒலியும் அவற்றோடு சேர்ந்து சிதறுகிறது. குடிமக்களுக்குப் பாடம் நடத்தவென்றே ஏற்பட்ட நிறுவனத்தில் பாடமே சொல்லாத ஒரு படம்!

பதி, பிராக் நகரில் யிர்ஷி த்ரன்காவிடம் அசைவூட்டக் கலை பயின்றவர். அதே 1968இல் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்காக 'கிளாக்ஸ்ப்ளோஷன்' எடுத்தவரும் அவரே. இத்தகைய முயற்சிகளுக்கு அங்கே வாசல் திறந்தவர், யுனெஸ்கோவிலிருந்து வந்து 1965 முதல் 1967 வரை ஆலோசகராக இருந்த ஜான் பவ்நகரி.

1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே பதி மறைந்தார். 2022இல் பிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அரசு எந்திரம் ஒரு கலைஞனைச் சிறிது காலம் அவன் போக்கில் விட்டுவைத்தது என்பதற்கு இந்த ஏழு நிமிடங்கள் சாட்சி. கலைக்கு அரசு செய்யக்கூடிய பேருதவியும் அதுதானே?