புல் வெட்டும் மெஷினில் படகு ஓட்டலாமா? வைரல் வீடியோக்கள் சொல்லாத கணக்கு இதுதான்!

தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் பிரஷ் கட்டர் மெஷினைப் பார்த்திருப்பீங்க. அதன் பிளேடைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன புரொப்பல்லரை மாட்டி, படகின் பின்பக்கம் பொருத்தினால் படகு ஓடுது! யூடியூபில் இப்படி ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கு. இதற்கென்றே புரொப்பல்லரும் கியர் பாக்ஸும் சேர்ந்த 'கிட்'கள்கூட ஆன்லைனில் விற்கிறார்கள்.

இது நிஜமாகவே வேலை செய்யுமா? செய்யும். அப்புறம் ஏன் அதிக காசு கொடுத்து தனியா படகு மோட்டார் வாங்குறாங்க? விரிவாகப் பார்க்கலாம்.

எஞ்சின் சின்னதா இருப்பதுதான் பிரச்னையா?

இல்லை. பிரஷ் கட்டர்களில் பெரும்பாலும் 25 முதல் 52 சிசி வரையிலான டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான் இருக்கும். ஹோண்டா நிறுவனத்தின் பிஎஃப் 2.3 என்ற படகு மோட்டாரிலும் இருப்பது வெறும் 57 சிசி எஞ்சின்தான். அதுவும் காற்றால் குளிரும் எஞ்சின். அதிலும் பிரஷ் கட்டரில் இருப்பது போன்ற சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்தான்.

சிறிய படகுக்கு அதிக சக்தியும் தேவையில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போகும் 12 அடி படகின் வேகம், எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கு எட்டரை கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். தானே எழுப்பும் அலையையே அந்தப் படகால் தாண்ட முடியாது என்பதுதான் காரணம். அந்த வேகத்துக்கு ஒன்றிரண்டு ஹெச்.பி. போதும்.

அப்போ எங்கேதான் சிக்கல்?

வேலை செய்யும் விதத்தில்! புல் வெட்டும்போது என்ன செய்வோம்? டிரிகரை அழுத்துவோம், வெட்டுவோம், விடுவோம், நகர்வோம். எஞ்சினுக்கு நடுநடுவே ஓய்வு கிடைத்துக்கொண்டே இருக்கும். படகில் அந்த ஓய்வு இல்லை. கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை தண்ணீர் புரொப்பல்லரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கான ஒரே மசகு. அந்தக் கலவை சரியில்லை என்றால் நடுத் தண்ணீரில் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. புரொப்பல்லரைச் சுற்றத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மூன்று மடி கணக்கில் ஏறும். அதாவது சுழலும் வேகம் இரண்டு மடங்கானால், சக்தி எட்டு மடங்கு வேண்டும். அதனால் முழு வேகத்திலிருந்து முக்கால் வேகத்துக்குக் குறைத்தாலே எஞ்சின் மீதான சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

கியர் எதற்கு?

பிரஷ் கட்டர் எஞ்சின் தன் முழு சக்தியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 6,500 முதல் 8,000 சுற்று அளவில். புல் பிளேடுக்கு அந்த வேகம் தேவை, புரொப்பல்லருக்கு அது அதிகம். ரொம்ப வேகமாகச் சுற்றினால் இறக்கைகளின் பின்னால் அழுத்தம் குறைந்து தண்ணீரே நீராவிக் குமிழிகளாக மாறும். சத்தம் வரும், நுரை வரும், இழுவை மட்டும் வராது. இதைத் தவிர்க்கத்தான் கம்பெனி மோட்டார்களில் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கும் கியர் வைக்கிறார்கள்.

கிளட்ச்சிலும் ஒரு விஷயம் இருக்கு. எஞ்சின் 3,000 - 4,000 சுற்றைத் தொட்ட பிறகுதான் அது பிடிக்கும். அதற்குச் சற்றுக் கீழே வைத்து மெதுவாக ஓட்ட நினைத்தால், கிளட்ச் வழுக்கி வழுக்கித் தேய்ந்துவிடும்.

புல் வெட்டும் மெஷினின் முனையில் இருக்கும் கியர் பெட்டி தண்ணீருக்குள் மூழ்கும்படி செய்யப்பட்டது அல்ல. உள்ளே தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு பேரிங் போய்விடும். கடல் நீர் என்றால் அலுமினியத்தையும் அரிக்கும். படகு மோட்டார்களில் இதற்காகவே நல்ல சீல்களும், தான் அரிபட்டு மோட்டாரைக் காப்பாற்றும் துத்தநாகத் துண்டும் வைத்திருப்பார்கள்.

இது புது ஐடியாவா?

இல்லவே இல்லை. தாய்லாந்தில் லாரி, கார் எஞ்சின்களில் நீளமான ஷாஃப்ட் பொருத்திய படகுகள் இன்றும் பிரபலம். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1960களில் சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் படகுகளுக்கு வந்தன. அங்குள்ள விவசாயிகள் ஒரு படி மேலே போய், படகின் சுழலும் இறக்கையை ஒரு குழாய்க்குள் வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்பாகவே மாற்றினார்கள். தமிழகக் கடலோரத்திலும் ஃபைபர் படகுகளில் நீண்ட ஷாஃப்ட் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்களைப் பார்க்கலாம்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். இவர்கள் யாரும் தேர்ந்தெடுத்தது கையில் தூக்கும் புல் மெஷின் எஞ்சினை அல்ல. மணிக்கணக்கில் சுமையோடு ஓடக்கூடிய எஞ்சின்களைத்தான்.

தண்ணீருக்கு என்ன பாதிப்பு?

சாதாரண கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலின் கணிசமான பகுதி எரியாமலேயே புகையோடு வெளியேறும். ஆயிலும் சேர்ந்து போகும். இதனால்தான் அமெரிக்காவின் டாஹோ ஏரியில் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களுக்கு 1999-லேயே தடை விதிக்கப்பட்டது. குடிநீர் ஏரி, கண்மாய்களில் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லதல்ல.

உயிருக்கு என்ன பாதுகாப்பு?

மிக முக்கியமான விஷயம் இதுதான். பிரஷ் கட்டரில் டிரிகரை விட்டால் வேகம் குறையும், கிளட்ச் விலகும், பிளேடு நின்றுவிடும். ஆனால் படகில் கை வலிக்கிறது என்று பலர் டிரிகரைக் கயிறோ டேக்கோ போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அந்த நொடியே மெஷினில் இருந்த ஒரே பாதுகாப்பும் போய்விடுகிறது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி அவர் மீதே வரலாம்.

கம்பெனி மோட்டாரில் ஓட்டுபவரின் உடம்போடு இணைத்த கயிறு இருக்கும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான, 3 ஹெச்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட படகுகளில் பொதுவாக இதைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். புல் மெஷின் எஞ்சின் அந்த வரம்புக்குள் வராது. ஆனால் புரொப்பல்லர் ஹெச்.பி. பார்த்து வெட்டாது!

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021, ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் எஞ்சின் பொருத்தி ஓடும் படகுகளுக்குப் பதிவையும் ஆய்வையும் வலியுறுத்துகிறது. எனவே வீட்டில் செய்தது, சின்ன எஞ்சின்தான் என்று நினைத்து இறக்கிவிடாமல், உள்ளூர் அதிகாரிகளிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

* லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.
* டிரிகரைக் கட்டாதீர்கள். உடம்போடு இணையும் கில் சுவிட்சைப் பொருத்துங்கள்.
* சூடான சைலன்ஸர் பக்கத்தில், படகில் வைத்தே பெட்ரோல் ஊற்றாதீர்கள்.
* ஆயில் கலவையை மெஷினின் கையேட்டில் உள்ளபடியே போடுங்கள். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி.
* காதுக்குப் பாதுகாப்பு அவசியம். புல் வெட்டும்போது போடுபவர்கள்கூட படகில் மறந்துவிடுகிறார்கள்.
* துடுப்பு கட்டாயம். துடுப்பு போட்டுத் திரும்பி வர முடியாத தூரத்துக்கு இந்த எஞ்சினை நம்பிப் போகவே கூடாது.

மொத்தத்தில், எஞ்சினை மாற்றுவது ஒரு நாள் வேலை. தரையில் எஞ்சின் நின்றால் கயிறை இழுத்து மறுபடி ஸ்டார்ட் செய்யலாம், இல்லாவிட்டால் வீட்டுக்கு நடந்து போகலாம். தண்ணீரில் அந்த இரண்டாவது வழி கிடையாது.