மனநலப் பணியாளர் பதிவு விதிகள்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்பகுதி

மனநோய்க்குச் சிகிச்சையோ மன உளைச்சலுக்கு ஆலோசனையோ அளிப்பவர் என்ன படித்திருக்க வேண்டும், எந்த அமைப்பில் பெயர் பதிய வேண்டும், எதுவரை பணி செய்யலாம் என்பவற்றை வரையறுப்பவை மனநலப் பணியாளர் பதிவு விதிகள். இந்தியாவில் இவை சில நடுவண் சட்டங்களிலிருந்து பிறந்தவை. ஆனால் பதிவேட்டைப் பெரும்பாலும் மாநிலமே பேணுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளைச் சந்தைக்கு அன்றாடம் போய்வருவோருக்குக் கேரள – தமிழ்நாட்டு எல்லை ஒரு சாலைத் திருப்பம்தான். மனநலப் பணியாளருக்கோ அது ஒரு பதிவேட்டின் முடிவு.

1956க்கு முன் இந்தப் பிரிவினை இல்லை. கன்னியாகுமரி முதல் நெய்யாற்றின்கரை வரை எல்லாம் திருவிதாங்கூர் (பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி) ஆட்சிப்பகுதி. 1870இல் தொடங்கிய திருவனந்தபுரம் மனநோய் மருத்துவமனை, இன்றைய ஊளம்பாறை மனநல மையம், இரு பக்கத்தாருக்கும் பொதுவாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. தமிழ் வட்டங்களின் இணைப்புக்குப் போராடிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. அடுத்தடுத்த ஊர்களின் மருத்துவர்களும் செவிலியர்களும் வெவ்வேறு மாநிலக் கவுன்சில்களுக்கு உட்பட்டனர். அன்று உளவியலாளருக்கோ ஆலோசகருக்கோ எந்தப் பக்கத்திலும் கவுன்சில் இருக்கவில்லை.

இந்தத் துறையில் சட்டம் முதலில் கண்டது கட்டடத்தைத்தான். அதில் பணிபுரியும் மனிதரை வெகுகாலம் கழித்தே கண்டது. 1912ஆம் ஆண்டு இந்தியப் பித்துநிலைச் சட்டத்தின் (Indian Lunacy Act) அக்கறை நோயாளியை அடைத்துவைப்பதிலும் காவலிலும் இருந்தது. 1993 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநல மருத்துவமனைகளும் மனநலக் காப்பகங்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற வேண்டும் என்றது. மனநல மருத்துவர் யார் என்பதை அது வரையறுத்தது. மருத்துவ உளவியலாளரை வரையறுக்கவில்லை. அந்த உரிம முறையும் ஏட்டளவில்தான் இருந்தது என்பதைக் காட்ட ஒரு பேரழிவு தேவைப்பட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி வளர்ந்திருந்த காப்பகங்களுள் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பதிவு பெறாத இடங்களை மாநிலங்கள் கணக்கெடுக்கத் தொடங்கின.

பணியாளருக்கான பதிவு வேறொரு வாசல் வழியாக வந்தது. 1992இல் இயற்றப்பட்ட இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குப் பணிபுரிவோரின் பட்டியலில் மருத்துவ உளவியலாளரையும் சேர்த்தது. அந்த நடுவண் பதிவேட்டில் இடம்பெற்றவர் நாட்டின் எப்பகுதியிலும் தொழில் செய்யலாம்; பதிவின்றிச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லைப்பகுதிக்கு மிகவும் ஒத்துவந்த ஏற்பாடு இதுவே.

2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நிலைமையை மாற்றியது. மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், உளநலச் சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் அந்தந்த மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும் என்றும், ஆணையம் அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும் என்றும் அதன் 55ஆம் பிரிவு கூறுகிறது. உளவியலாளருக்கு மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தகுதி வேண்டும். சமூகப் பணியாளருக்கு முதுகலைப் பட்டத்துக்கு மேல் ஈராண்டு எம்.ஃபில். வேண்டும். ஆயுர்வேதம், ஓமியோபதி, யுனானி ஆகியவற்றில் இத்துறை சார்ந்த முதுநிலைப் பட்டம் பெற்றோரும், சித்தத்தில் சிறப்பு மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றோரும் மனநல வல்லுநர் என்ற வரையறைக்குள் வருகின்றனர். பரம்பரை வைத்தியருக்கு அதில் இடமில்லை. அங்கீகரிக்கப்பட்ட தகுதியில்லாத பாரம்பரிய வைத்தியர் தொழில் செய்ய முடியாது என்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வர்ம ஆசான்களும் நாட்டு வைத்தியர்களும் தலைமுறைகளாகப் பணிபுரிந்த இந்த நிலப்பகுதிக்கு அது சிறிய செய்தியன்று. தன் துறைக்கு அப்பாற்பட்ட மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைப்பதை 106ஆம் பிரிவு தடுக்கிறது. பதிவில்லாத மனநல நிறுவனத்துக்கு முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டம். மீண்டும் மீண்டும் மீறினால் அது 5 லட்சம் வரை உயரும்.

பதிவை ‘உரிய மாநில ஆணைய’த்துடன் சட்டம் பிணைத்திருப்பதால், நாடு முழுவதும் செல்லும் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவைக் கையில் வைத்திருப்பவருக்கும் கேரள ஆணையமும் தமிழ்நாட்டு ஆணையமும் தனித்தனி வாசல்கள். மொழி தெரிந்த உளவியலாளர் அடுத்த ஊரில் இருந்தும் நோயாளிக்கு எட்டாமல் போகக் கூடும் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

எம்.ஃபில். இல்லாத பெரும்பான்மையினர், அதாவது எம்.எஸ்.டபிள்யூ. அல்லது எம்.ஏ. உளவியல் படித்துப் பள்ளிகளிலும் கவுன்சலிங் மையங்களிலும் பணிபுரிவோர், இந்த மூன்று வகைக்கும் வெளியே நின்றனர். துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம் (2021) நடத்தைநல அறிவியல் பணியாளர் என்ற வகையை ஏற்று, உளவியலாளர், நடத்தைப் பகுப்பாய்வாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், மனநல உதவியாளர் முதலியோரை அதில் சேர்த்தது. மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளருக்கு மட்டும் விலக்கு உண்டு. மாநிலக் கவுன்சில்கள் அமைவது இழுபட்டது. 2024 ஆகஸ்டில், 14 மாநிலங்களே கவுன்சில் அமைத்திருந்த நிலையில், அக்டோபர் 12க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இதற்கிடையே தகுதிப் படிப்பே மாறத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு விதிகளில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்டது; மருத்துவ உளவியலுக்கும் உளநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. எல்லை தடுக்கும் மொழித் தேவைக்கு வேறொரு வழியும் வந்தது: 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையில் 14416 என்ற எண்ணை அழைப்பவர் தம் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். பாறசாலையிலிருந்து தமிழில் பேச விரும்புவோருக்கும் அது திறந்திருக்கிறது.