ஏஆர்1 பிறந்த கதை

நியூசிலாந்தில் கோடை முற்றும் மாதங்களில் ஆடுகளுக்குத் தள்ளாட்ட நோய் வரும். தலை நடுங்கும், விரட்டினால் கால் பின்னி விழும், சற்று நேரம் சும்மா விட்டால் எழுந்து நடக்கும். மேய்ந்ததெல்லாம் ரைபுல்தான். அந்த நாட்டின் ஆடும் மாடும் பெரும்பாலும் அந்தப் புல்லை நம்பித்தான் வாழ்கின்றன. புல்லுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டென்று 1981இல் ஆய்வாளர்கள் பிளெட்சரும் ஹார்வியும் எழுதினார்கள்.

அந்தப் பூஞ்சை வெளியே தெரியாது. இலையில் புள்ளி விழாது, தண்டு அழுகாது. செல்களின் இடுக்கில் மெல்லிய இழையாக ஓடி, கதிர் பிடிக்கும்போது விதைக்குள் ஏறிக்கொள்ளும். காற்றில் பரவும் வித்துகள் அதற்கு இல்லை. தாய்ப்புல்லின் விதை ஒன்றுதான் அடுத்த தலைமுறைக்குப் போக வழி.

அப்படியானால் பூஞ்சை இல்லாத விதையை விதைத்தால் தீர்ந்தது என்றே தோன்றும். அதற்கு மருந்துகூட வேண்டாம். விதை மூட்டையைச் சாதாரணக் கிடங்கில், வெப்பமும் ஈரமும் படும்படி ஓரிரு ஆண்டு போட்டுவைத்தாலே பூஞ்சை செத்துவிடும். விதை சாகாது, நன்றாகவே முளைக்கும்.

ஆனால் 1982இல் பிரெஸ்டிட்ஜ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இன்னொரு செய்தி சொன்னார்கள். பூஞ்சை இல்லாத ரைபுல்லை அர்ஜென்டினா தண்டு வண்டு நாசமாக்குகிறது. பூஞ்சை உள்ள புல்லை அவ்வளவாக அண்டுவதில்லை. நோய் தந்ததே காவலும் தந்திருக்கிறது. நல்ல வேளையாக இரண்டும் ஒரே பொருளின் வேலை அல்ல. ஆட்டைத் தள்ளாட வைப்பது லோலிட்ரெம் பி, வண்டை விலக்குவது பெரமின். ஏஆர்1 என்ற பூஞ்சை வகையைத் தேடும் எண்ணம் கருக்கொண்டது இந்த வேறுபாட்டில்தான் என்பேன்.

நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த் ஆய்வகத்தில் காரி லாட்ச், மைக் கிறிஸ்டென்சன் போன்றோர் பூஞ்சையைப் புல் மாற்றிக் குடியேற்றும் வழியை உருவாக்கினார்கள். பூஞ்சையைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பதற்கே பொறுமை வேண்டும், அவ்வளவு மெதுவாக வளரும். பிறகு முளைத்துச் சில நாளே ஆன நாற்றின் குருத்தடியில் ஊசியால் கீறி, அந்தக் கீறலுக்குள் பூஞ்சை இழையை வைக்க வேண்டும். பெரும்பாலான நாற்றுகளில் ஒட்டாது. ஒட்டியதை வளர்த்து, விதையெடுத்து, அந்த விதைக்குள்ளும் பூஞ்சை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரமின் தரும், லோலிட்ரெம் பி தராத பூஞ்சையான ஏஆர்1ஐத் தேர்ந்து, இப்படி ஏற்றிப் பெருக்கிய ரைபுல் 2001இல் விற்பனைக்கு வந்தது.

வந்ததும் கிடங்கின் கணக்கு தலைகீழானது. பூஞ்சையை ஒழிக்க உதவிய அதே சேமிப்பு, இப்போது விலை கொடுத்து வாங்கியதைக் கொல்லும். குளிரும் வறட்சியும் வேண்டும். ஈரத்தை நன்றாக இறக்கி, 5 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் வைத்தால் பூஞ்சை பல ஆண்டுகள் தாங்கும். உயிர் இருக்கிறதா என்று அறிவதும் லேசல்ல. விதையை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இழை தெரியும்; செத்த இழையும் அப்படியேதான் தெரியும். முளைக்க வைத்து, சில வாரம் வளர்த்து, தூரின் அடியை நறுக்கிச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

எனக்கு உறுத்துவது விதை வங்கிகள்தான். காட்டுப்புற்களின் விதையைச் சேகரித்தவர்கள் நெடுங்காலம் முளைப்புத்திறன் ஒன்றையே பார்த்தார்கள். புல் பிழைத்து, உள்ளிருந்த பூஞ்சை செத்துப்போன மாதிரிகள் அங்கே நிறைய உண்டு. ஏஆர்1 போன்ற இன்னொன்று அவற்றில் இருந்திருக்கலாம். வங்கிப் பதிவேட்டில் முளைப்பு விகிதத்துக்குப் பக்கத்திலேயே பூஞ்சையின் உயிர்நிலையையும் எழுத வேண்டும். அதுவும் விதை வந்து சேர்ந்தவுடனே சோதித்து எழுத வேண்டும்.