வேலைநிறுத்தம் வென்றது, கப்பல் தோற்றது: பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு கேள்வி

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியை இலக்கிய வாசகர்களாகிய நாம் சுப்பிரமணிய சிவாவின் பெயரோடு சேர்த்தே அறிந்திருக்கிறோம். வத்தலக்குண்டில் பிறந்து, ‘ஞானபாநு’ இதழை நடத்தி, அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூரில் 1925 ஜூலை 23 அன்று மறைந்தவர் அவர். பாரதமாதாவுக்கு இங்கே ஆலயம் எழுப்ப அவர் விழைந்ததும், 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டியதும் பலரும் எழுதியவையே. ஆனால் அவரது வாழ்க்கைக்குள் பொருளாதாரம் சார்ந்த ஒரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. மக்கள் திரண்டு போராடுவதால் ஒரு நாட்டின் பொருளாதாரத் துயர் தீருமா? சிவா வாழ்ந்து பார்த்த 1908-ஆம் ஆண்டின் தூத்துக்குடி இதற்கு இரு வேறு விடைகளைத் தருகிறது.

முதல் விடை கோரல் ஆலையில் கிடைத்தது. நீண்ட வேலை நேரம், சொற்பக் கூலி, வார விடுமுறை இன்மை ஆகியவற்றால் நொந்திருந்த தொழிலாளர்கள், வ.உ.சி.யும் சிவாவும் ஊட்டிய துணிவில் அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினர். ஆங்கிலேய நிர்வாகம் அவர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என எண்ணியது. ஊரோ அவர்கள் பக்கம் நின்றது. வ.உ.சி. நிதி திரட்டினார், வேலையிழந்தோருக்கு மாற்று வேலை தேடித் தந்தார். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

இரண்டாவது விடை கடலில் கிடைத்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனி செலுத்திய ஏகபோகத்தை முறிக்க, 1906-இல் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்பது திட்டம். 1907-இல் காலியா, லாவோ என்னும் கப்பல்களும் வந்தன. எதிர்த்தரப்பு கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இறுதியில் இலவசப் பயணத்தோடு குடையும் பரிசளிக்க முன்வந்ததாகக் கூறுவர். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டன. அவர்கள் சிறையிலிருந்தபோதே, 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது.

ஒரே ஊர், ஒரே தலைவர்கள், ஏறத்தாழ ஒரே மக்கள். பிறகு முடிவு மட்டும் ஏன் மாறியது? ஆலையில் கேட்கப்பட்டவை யாவும் எதிரே இருந்த நிர்வாகம் கொடுக்கக்கூடியவை. ஆலை நின்ற ஒவ்வொரு நாளும் அதற்கு நட்டம். கடலில் நிலைமை நேர்மாறு. அங்கே நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கக்கூடிய பெருங்கம்பெனியும், அதற்குத் துணையாக அரசும் நின்றன. கப்பல் ஓட நாள்தோறும் நிலக்கரி வேண்டும், சரக்கு வேண்டும், கையிருப்பு வேண்டும். ஊர்வலத்தின் ஆவேசம் இவற்றை ஈடுசெய்யாது.

அக்கப்பல்கள் சென்றடைந்த கொழும்பிலேயே 2022-இல் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. காலிமுகத்திடலில் தொடர்ந்த அறகலய போராட்டத்தின் உச்சத்தில், ஜூலையில் கோத்தபாய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். ஆனால் அவர் விலகியதால் கருவூலத்தில் டாலர் சேரவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி 15-இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. வரிசையில் நின்றவர்களே அந்தச் சுமையையும் ஏற்றனர். எனினும், 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோரைப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மக்கள் தெருவுக்கு வராதிருந்தால் அத்தகைய தீர்ப்பு எளிதில் வந்திருக்காது என்றே நாம் கருதுகிறோம்.

ஆக, இருப்பதை எப்படிப் பங்கிடுவது, இழந்ததற்கு யார் பதில் சொல்வது என்பவற்றைப் போராட்டம் தீர்மானிக்க வல்லது. இல்லாத செல்வத்தை உண்டாக்க அதனால் இயலாது. அதற்கு முதலீடும் நிர்வாகமும் நெடுங்காலப் பொறுமையும் வேண்டும். போராட்டம் வீண் என்போர் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கட்டும். போராட்டமே போதும் என்போர், கப்பலை நம்பிப் பங்கு வாங்கியவர்களை நினைத்துப் பார்க்கட்டும்.

சிவா சிறையில் தொழுநோயைப் பெற்றார். அதைக் காரணம் காட்டி ரயிலில் செல்லத் தடை விதிக்கப்பட்டபோது, ஊர் ஊராக நடந்தே சென்று பேசினார். வெற்றி, தோல்வி இரண்டையும் நேரில் கண்ட பின்பும் அவர் நடப்பதை நிறுத்தவில்லை. அந்த நடை பாப்பாரப்பட்டியில்தான் முடிந்தது.