மலையக மாணவரும் பேராதனையும்: ஓர் உறவுவட்டம் உருவான வரலாறு

தமிழ் பேசும் மாணவர் தமிழ் மாணவர்களிடையே வந்து சேர்ந்தால் அந்நியமாக உணரமாட்டார் என்று நினைப்பது எளிது. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிள்ளைகளின் வரலாறு அந்த நினைப்பை மறுக்கிறது. மொழி ஒன்றாக இருந்தது. ஊரும் உறவும் பட்டறிவும் வேறாக இருந்தன. அந்த இடைவெளியை நிரப்பிய துணைவட்டம் பல்கலைக்கழகத்துக்குள்ளே உருவாவதற்கு முன்பே ஹட்டனில் உருவானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகங்களிடம் கொடுத்தது. நடைமுறையில் கிடைத்தது பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகும் படிப்பு. 1945இல் வந்த இலவசக் கல்வி நாட்டின் கிராமங்களை மாற்றியது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்ட நிருவாகத்தின் நிழலிலேயே கிடந்தன. இதனிடையே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இத்தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க வேலை இல்லை. படித்து என்ன ஆகப்போகிறது என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒரு தகப்பன் கேட்டால், அந்தக் கேள்விக்குச் சட்டமே காரணம்.

கொழும்பில் 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. ஹட்டனையும் நானுஓயாவையும் கடந்து பதுளைக்குப் போகும் ரயில் பேராதனைச் சந்தி வழியாகத்தான் போகிறது. அப்படியிருந்தும் கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தச் சந்தி மிகத் தொலைவில் இருந்தது.

அதற்கு முந்திய தலைமுறையில் நகரம் கண்டவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர் கொழும்பு நாலந்தா கல்லூரியில் படித்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையில் எழுதியவர், பின்னர் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தும் தந்தார். நகரத்தில் கற்ற ஒருவர் தம் மக்களின் பாட்டை ஏட்டில் ஏற்றியதை நான் பெரிய பண்பாட்டுச் செயலாகவே மதிக்கிறேன். பின்னால் வந்த மாணவருக்குத் தம்முடையது என்று எடுத்துக்காட்ட ஒரு புத்தகம் கிடைத்தது.

1960களில் தனியொருவரின் இந்த முயற்சி ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கூட்டு இயக்கமாகத் திரண்டது. அங்கே ஆசிரியர்களாக இருந்த இர. சிவலிங்கமும் திருச்செந்தூரனும் வகுப்பறைக்கு வெளியேயும் இளைஞர்களைக் கூட்டினார்கள்; எழுதவும் பேசவும் பழக்கினார்கள். மலையகத்தான் என்று தலைநிமிர்ந்து சொல்லும் துணிவை ஒரு தலைமுறைக்கு ஊட்டினார்கள். பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் அந்தத் துணிவோடுதான் போனார்கள்.

பேராதனையில் அவர்களுக்கு முன்பே தமிழ்ச் சங்கம் இருந்தது. அதன் 'இளங்கதிர்' இதழ் இருந்தது. வளாகத்துக் குன்றில் குறிஞ்சிக் குமரன் கோயிலும் எழுந்தது. வெள்ளிக்கிழமைப் பூசையில் பக்கத்தில் நின்று கும்பிடுவதற்கு ஊர் தடையில்லை. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் சங்கத்தில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குப் பள்ளி, ஊர், உறவு என்று முன்பே பின்னிய வலை இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவருக்கு அப்படியொன்று இல்லை. 'தோட்டக்காட்டான்' என்ற வசை சிங்களரின் வாயிலிருந்து மட்டும் வரவில்லை என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புநோக்க, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் 1966இல் தமக்கென ஒன்றியம் அமைத்தார்கள். 1968இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் பயனாகத் தம் வரலாற்றைப் பாடமாகவும் பெற்றார்கள். அங்கே ஓரளவு எண்ணிக்கை இருந்தது. மலையகத்தாருக்கோ எண்ணிக்கையே கரைந்துகொண்டிருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறும் காலம் அது.

இந்தக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே திறந்த ஒரு கதவு, அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் 1972இல் தொடங்கிய சத்யோதய நிலையம். தோட்டத்துத் தமிழரும் கிராமத்துச் சிங்களரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடமாக அது இருந்தது. வளாகத்துக்குள்ளோ நிலைமை வேறு: 1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டபோது, அடித்தவர்கள் யாழ்ப்பாணமா தோட்டமா என்று பார்க்கவில்லை. அதே ஆண்டு யூலை இனவன்முறையில் மலையக நகரங்களும் எரிந்தன. வடகிழக்கு மாணவருக்கும் மலையக மாணவருக்கும் இடையில் இருந்த பிளவைப் பகிர்ந்த துன்பம் மங்கச் செய்தது என்று கருதலாம். ஆனால் அது தானாக உறவாகிவிடவில்லை.

உறவை வளர்த்தவர்கள் ஆசிரியர்களே. 1990களில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தபின், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தம் ஊர்ப் பாடசாலைகளுக்கே திரும்பும் வழி அகன்றது. நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்படுவதால் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடும் உண்டு. அந்த இடங்களை வெளிமாவட்டத்தார் பெற்றுக்கொள்வதாக நீண்டகாலமாக எழும் குறை மிக நியாயமானது. ஒதுக்கீடு தோட்டப் பிள்ளையைச் சென்றடைந்தால்தான் வளாகத்தில் ஒரு வட்டம் அமையும். தனியாக வரும் ஒருவருக்கு எந்தச் சங்கமும் ஊராகிவிடாது. 2023இல், மலையகத்தாரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். பேராதனையில் புதிதாகச் சேரும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வரலாற்றைச் சொல்லித்தர மூத்த மாணவர் ஒருவர் விடுதியிலேயே இருக்க வேண்டும். அந்த மூத்தவரை அங்கே அனுப்பிவைக்கும் வேலை இன்னும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உள்ள வகுப்பறைகளில்தான் நடக்கிறது.