கடல் கடந்து வந்த சீனர்கள் பெண் தேடிய கதை

19-ஆம் நூற்றாண்டில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடி வந்த சீனர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1884-இல் சிங்கப்பூரில் சீன ஆண்கள் சுமார் 60,000 பேர். சீனப் பெண்களோ ஏறத்தாழ 6,600 பேர்தான்.

சீனாவின் சிங் அரசு, மக்கள் வெளிநாடு செல்வதற்கு விதித்திருந்த தடையை 1893-இல்தான் முறையாக நீக்கியது. மருமகள் ஊரில் இருந்தால்தான் மகன் தவறாமல் பணம் அனுப்புவான் என்பது பெற்றோரின் கணக்கு. அதனால், தடையை மீறி ஆண்கள் கப்பல் ஏறினாலும் பெண்கள் ஊரிலேயே தங்கினர்.

வசதி இருந்தவர்கள் சில மாதங்கள் ஊர் திரும்பி, பெற்றோர் பார்த்த பெண்ணை மணந்துவிட்டு மீண்டும் புறப்பட்டனர். மணமகன் வர முடியாதபோது, அவருக்குப் பதிலாகச் சேவலை வைத்துச் சடங்கை முடித்த வழக்கமும் தென்சீனாவில் இருந்தது.

அதற்கு முன்பே மலாக்காவில் குடியேறிய சீன வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். பாபா நியோன்யா சமூகம் அப்படி உருவானதே. தமிழ் வணிகர்கள் வழிவந்த மலாக்கா செட்டிகளின் வரலாறும் இதைப் போன்றதுதான்.

சிங்கப்பூரில் 1888-இல் தொடங்கிய போ லியுங் குக் இல்லம், பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. மணமுடிக்க விரும்பிய ஆண்கள் அங்கு விண்ணப்பித்தனர். அவர்களைப் பற்றி விசாரித்த பிறகே திருமணம் நடந்தது.

ஊரில் ஒரு மனைவி, இங்கு ஒரு மனைவி என வாழ்ந்தவர்களும் உண்டு. கணவர் இறந்தால் சொத்து யாருக்கு? 1908-இல் ‘ஆறு விதவைகள் வழக்கு’ எனப் பெயர் பெற்ற வழக்கில், துணை மனைவியருக்கும் பங்கு உண்டு எனச் சிங்கப்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1933-இல் நடப்புக்கு வந்த அந்நியர் சட்டம், சீன ஆண்களின் வருகைக்கு வரம்பு விதித்தது. பெண்களுக்கு 1938 வரை அந்த வரம்பு இல்லை. இக்காலத்தில் ஏராளமான பெண்கள் வந்து சேர, இங்கேயே குடும்பங்கள் வேரூன்றின.

சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1982-இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டமும் முஸ்லிம் அல்லாதோரின் பலதார மணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அதுவரை கணவரின் வருகைக்கும் பணத்துக்கும் காத்திருந்தவர்கள், கடலின் இரு கரைகளிலும் இருந்த பெண்களே.